தைராய்டு மாத்திரையின் கம்பெனி மாறினால் என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு வயது 44, எடை 62 கிலோ. ஈரோடு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. ஆறு வருடமாகத் தைராய்டு குறைவுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். எப்போதும் 2, 3 என்றுதான் இருக்கும். ஜனவரியில் வழக்கமாக வாங்கும் பாட்டில் கடையில் இல்லை. வேறு கம்பெனி அட்டையைக் கொடுத்து, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். அதே மாதம் ஹீமோகுளோபின் 8.9 என்று இரும்புச் சத்து மாத்திரையும் ஆரம்பித்தேன். மார்ச் கடைசியில் டி.எஸ்.எச். 9.6 ஆகிவிட்டது. டாக்டர் 100 மாத்திரைக்கு மாற்றினார். மே மாதம் பழைய கம்பெனியே கிடைத்தது. அதிலேயே 100 வாங்கினேன். இரும்பு மாத்திரையும் அந்த மாதத்தோடு முடிந்தது. ஜூலையில் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லை, மூன்று கிலோ குறைந்தும் விட்டேன். டி.எஸ்.எச். 0.1. "புதுக் கம்பெனி மாத்திரையில் சத்தே இல்லை, பழையது ஓவர் பவர்" என்கிறாள் என் நாத்தனார். பயந்துபோய் நானே ஒரு நாள் முழு மாத்திரை, மறுநாள் பாதி என்று உடைத்துப் போட்டுக்கொள்கிறேன். காலை 6 மணிக்கு மாத்திரை, 6.20க்கு காபி, 7 மணிக்கு டிபன், கூடவே மற்ற மாத்திரைகள், 7.30க்கு பஸ். முடி கொட்டுவதற்கு ஜூனிலிருந்து பயோட்டின் 10 மில்லிகிராம் எடுக்கிறேன். எந்தக் கம்பெனியை நம்புவது? 71 வது வயதில் இருக்கும் என் மாமியாரும் 50 மாத்திரை சாப்பிடுகிறார். தீர்ந்துபோனால் என்னுடையதை உடைத்துக் கொடுப்பேன். அது சரியா?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் உங்களுக்கு ஒரு நன்றி. தேதி, நேரம், அளவு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் "தைராய்டு ஏறி இறங்குகிறது, என்ன செய்ய?" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அது கம்பெனியைப் பற்றிய வரி இல்லை.

ஜனவரியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்திருக்கின்றன. அட்டை மாறியது, இரும்பு மாத்திரை வந்தது. மே மாதமும் அப்படியே: பழைய பாட்டில் திரும்பி வந்தது, இரும்பு மாத்திரை நின்றது. உங்கள் நாத்தனாரின் கண்ணில் பட்டது பாட்டில். என் கண்ணில் பட்டது இரும்பு.

உங்கள் தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்சின் குடலில் உறிஞ்சப்பட வேண்டிய மருந்து. இரும்பு அங்கே இருந்தால் தைராக்சின் அதோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும். கால்சியமும் அதே வேலையைச் செய்யும். அதனால்தான் இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்கிறோம். உங்கள் கணக்கில் இருந்தது ஒரு மணி நேரம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை 75 மாத்திரையை நீங்கள் விழுங்கினீர்கள், ஆனால் உடம்புக்குள் போனது 75 இல்லை. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோன்; ரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். அது 9.6க்கு ஏறியதில் வியப்பில்லை. டாக்டர் 100 ஆக்கினார். மே மாதம் இரும்பு நின்றதும் அந்த 100 முழுசாக உள்ளே போக ஆரம்பித்தது. ஜூலையில் படபடப்பு.

ஒருவேளை இரும்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம். அல்லது அவர் கேட்காமல் விட்டிருக்கலாம். எழுதிக் கொடுத்தது வேறு டாக்டராக இருந்தால் இது சகஜம். என்னிடம் வருகிறவர்களை மஞ்சப்பையோடு வரச் சொல்வேன். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து மேஜையில் கொட்ட வேண்டும். சத்து மாத்திரை, ஜெலுசில், மூட்டுவலிக்கு யாரோ சொன்ன பொடி எல்லாம் சேர்த்து. "இதெல்லாம் மருந்தா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே கொட்டுவார்கள். சிக்கல் பெரும்பாலும் அந்தக் குவியலில்தான் இருக்கும்.

சரி, கம்பெனி பற்றிய கேள்விக்கு வருகிறேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் சொன்னது முக்கால்வாசி உண்மை. தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது லெவோதைராக்சின் என்ற ஒரே மருந்து, நான் மேலே தைராக்சின் என்று சொன்னது இதைத்தான். மீதிக் கால்வாசிதான் பேச வேண்டியது.

75 மாத்திரை என்றால் 75 மைக்ரோகிராம். சமையல் தூள் உப்பில் ஒரே ஒரு துகளைக் கையில் எடுங்கள். ஏறக்குறைய அந்த எடைதான். ஒரு கிராம் மருந்தில் பதின்மூன்றாயிரம் மாத்திரைகள் செய்யலாம். மாத்திரையில் மற்றதெல்லாம் மாவும் சர்க்கரையும் பசையும்போலச் சேர்க்கப்படும் நிரப்புப் பொருட்கள். இவ்வளவு சிறிய அளவை ஒவ்வொரு மாத்திரையிலும் ஒரே மாதிரி வைப்பது லேசான காரியம் இல்லை. அதனால் மருந்துத் தர விதிகள் கொஞ்சம் முன்பின் இருக்க இடம் கொடுக்கின்றன. அமெரிக்காவில் பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று இருந்ததை, 2007 இல் ஐந்து சதவீதமாகக் குறுக்கினார்கள். இந்த மருந்தில் சின்ன வித்தியாசமும் கணக்கில் வரும் என்பதுதான் காரணம். நிரப்புப் பொருள் மாறினாலும் குடலில் கரையும் விதம் கொஞ்சம் மாறலாம். ஆக, கம்பெனி மாறும்போது சிலருக்கு டி.எஸ்.எச். நகரத்தான் செய்யும். ஆனால் 2, 3 என்று இருந்தது 9.6க்குத் தாவ, கம்பெனி மட்டும் காரணமாக இருப்பது அரிது. பக்கத்திலேயே இரும்பு உட்கார்ந்திருக்கும்போது நான் கம்பெனியைப் பிடிக்க மாட்டேன்.

பயமும் தன் பங்குக்கு வேலை செய்யும். 2017 இல் பிரான்ஸில் லெவோதைராக்ஸ் என்ற மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். பெயர் அதே, மருந்தும் அதே. தலைசுற்றல், முடி உதிர்வு, களைப்பு என்று ஆயிரக்கணக்கான புகார்கள் கிளம்பின. வழக்குகள் நடந்தன, அரசு பழைய வகையையும் மறுபடி கிடைக்கச் செய்ய வேண்டியதாயிற்று. அதற்குப் பத்து வருடம் முன்பு நியூசிலாந்தில் எல்ட்ராக்சினின் நிரப்புப் பொருள் மாறியபோதும் இதே கதை. செய்தி பரவப் பரவப் புகாரும் பெருகியது. இவர்கள் எல்லாரும் கற்பனையாகச் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு உண்மையாகவே அளவு முன்பின் ஆகியிருக்கும். ஆனால் மாத்திரையின் நிறம் மாறிய அன்றே வரும் தலைவலிக்கு மருந்தைக் காரணம் சொல்ல முடியாது. தைராக்சின் அவ்வளவு வேகமான மருந்து இல்லை.

எவ்வளவு மெதுவானது தெரியுமா? இன்றைக்குப் போட்ட மாத்திரையில் பாதி ரத்தத்திலிருந்து கழிய ஏழு நாள் ஆகும். புது அளவு உடம்பில் நிலைபெற ஐந்து, ஆறு வாரம். மூளைக்கு அடியில் இருந்து டி.எஸ்.எச். சுரக்கும் பிட்யூட்டரி அந்த அளவைப் பார்த்துத் தன் கணக்கைத் திருத்தி எழுத இன்னும் கொஞ்ச நாள். அதனால்தான் அளவை மாற்றினாலும், கம்பெனியை மாற்றினாலும், ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள் என்கிறோம். இரண்டு வாரத்தில் லேபுக்கு ஓடினால் பாதி வழியில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு அளவை மறுபடி மாற்றத் தோன்றும். பிறகு ஊஞ்சல்தான். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது. கரு உருவானது தெரிந்த உடனேயே பெரும்பாலோருக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கவும் வேண்டும். இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி இருந்தால் அடுத்த வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

இந்த மெதுவான குணத்தால்தான், ஒரு நாள் 100 மறுநாள் 50 என்று நீங்கள் போட்ட கணக்கு தப்பாகவில்லை. சராசரி 75. நாங்களே சில சமயம் அப்படி எழுதிக் கொடுப்பதுண்டு. ஆனால் மாத்திரையைக் கையால் உடைத்தால் பாதி என்று நினைப்பது பாதியாக இருக்காது, தூள் உதிரும், உடைத்த துண்டு காற்றில் கிடந்து ஈரம் இழுக்கும். 75 என்றே மாத்திரை கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு? இன்னொன்று, டாக்டரிடம் சொல்லாமல் செய்கிறீர்கள். அடுத்த ரிப்போர்ட்டை அவர் 100 மாத்திரைக்கான ரிப்போர்ட் என்று நினைத்துப் படிப்பார். மார்ச்சில் நடந்ததே மறுபடி நடக்கும்.

0.1 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். டி.எஸ்.எச். நேர்க்கோட்டில் ஏறி இறங்குகிற சமாச்சாரம் இல்லை. ரத்தத்தில் தைராக்சின் இரண்டு மடங்கு மாறினால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரை மாறும். 9.6 என்றதும் மருந்து மூன்று மடங்கு குறைவு என்றோ, 0.1 என்றதும் இருபது மடங்கு அதிகம் என்றோ பயப்பட வேண்டாம். 25 மைக்ரோகிராம் வித்தியாசமே இந்த எண்களைக் காட்டப் போதும். இதற்கு மேல் உங்கள் விஷயத்தில் பயோட்டின் என்ற வைட்டமின் வேறு இருக்கிறது. பல லேப்களில் டி.எஸ்.எச். அளக்கும் கிட்டுக்குள்ளேயே பயோட்டின் ஒரு பாகமாக இருக்கும். உங்கள் ரத்தத்தில் அது நிரம்பிக் கிடந்தால் கருவி ஏமாறும். டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராக்சின்) உள்ளதைவிட அதிகமாகவும் காட்டும். படபடப்பும் நடுக்கமும் எடைக் குறைவும் இருப்பதால் உங்களுக்கு மருந்து அதிகமானது நிஜம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த 0.1 முழுக்க நிஜமா என்பது சந்தேகம். அடுத்த சோதனைக்கு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், லேபிலும் சொல்லிவிடுங்கள். சொல்லப்போனால் உங்கள் முடி கொட்டுவதற்கு இரும்புக் குறைவும் தைராய்டு ஆட்டமுமே போதும். பயோட்டின் செய்ய அங்கே வேலையே இல்லை.

இனி என்ன செய்வது? பத்திரிகை வழியே நான் மருந்துச் சீட்டு எழுத முடியாது. இந்தக் கடிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் போங்கள். பழையபடி 75க்கே திரும்புவது பற்றிப் பேசுங்கள். ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்குப்படி 62 கிலோவுக்கு 100 வருகிறதே என்று யாராவது சொல்லலாம். அது சுரப்பி அறவே வேலை செய்யாதவர்களுக்கான கணக்கு. ஆறு வருடம் 75 இல் உங்கள் டி.எஸ்.எச். ஒழுங்காக நின்றது என்றால், உங்கள் சுரப்பி இன்னும் கொஞ்சம் கைகொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாடித் துடிப்பை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். துடிப்பு தாறுமாறாக அடித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொரு விஷயம்: 44 வயதில் ஹீமோகுளோபின் 8.9 ஏன் ஆனது என்று யாராவது பார்த்தார்களா? மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, வயிற்றில் ஏதாவது கோளாறா என்று தெரிந்துகொள்ளாமல் மூன்று நான்கு மாத இரும்போடு அதை மூடிவிடக் கூடாது. மறுபடி இரும்பு வேண்டும் என்றால் அதை ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள்.

எந்தக் கம்பெனி என்றால், எது உங்கள் ஊரில் தடையில்லாமல் கிடைக்கிறதோ அது. விலை அதிகமானது நல்லது என்று ஒன்றும் இல்லை. மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்கு வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். ஆனால் மாதாமாதம் அதையே வாங்குங்கள். சீட்டில் டாக்டரைக் கம்பெனிப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், பாட்டில் முடியப் பத்து நாள் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். வேறு வழியில்லாமல் மாற வேண்டி வந்தால் மாறிக்கொள்ளலாம், மாத்திரை இல்லாமல் இருப்பதுதான் கெடுதல். மாறிய தேதியைக் காலண்டரில் குறித்து, ஆறு வாரம் கழித்து ஒரு டி.எஸ்.எச். பாருங்கள். அந்த ஆறு வாரத்தில் வேறு எதையும் புதிதாக ஆரம்பிக்காமல் இருந்தால் எது என்ன செய்தது என்று தெரியும். கடையில் அட்டையை வாங்கியதும் அளவைப் படித்துப் பாருங்கள். சில பழைய சீட்டுகளில் 0.1 மி.கி. என்று இருக்கும். அதுவும் 100 மைக்ரோகிராமும் ஒன்றே. 12.5 உண்டு, 62.5 உண்டு, 88 உண்டு. அவசரத்தில் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் 6.20 காபியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இருபது நிமிடம் போதாது. காபியும் இந்த மாத்திரை உள்ளே போவதைக் குறைக்கும். அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் வேண்டும். ஆனால் பாருங்கள், ஆறு வருடமாக அந்த 6.20 காபியோடு சேர்த்துத்தான் 75 உங்களுக்குச் சரியாக இருந்தது. தினமும் ஒரே மாதிரி செய்கிற தப்பு அளவுக்குள்ளேயே கரைந்துவிடும். ஒரு நாள் செய்து ஒரு நாள் செய்யாமல் விடுகிற தப்புதான் தொல்லை. அதனால் இப்போது அளவு மாறும்போதே காபியையும் மாற்றிக் குழப்ப வேண்டாம். 7.30 பஸ்ஸைப் பிடிக்கிறவருக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு முடியாது என்று எனக்கும் தெரியும். டி.எஸ்.எச். நிலைக்கு வந்த பிறகு, ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்வது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நன்றாகவே வேலை செய்யும். அப்போது இரும்பு பகலுக்கு வந்துவிட வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் சமைத்துச் சாப்பிடலாம், அதற்கும் உங்கள் மாத்திரைக்கும் சண்டை இல்லை.

மாத்திரையை எங்கே வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சூடும் ஈரமும் வெளிச்சமும் இந்த மருந்துக்கு ஆகாது. ஈரோட்டு வெயிலில் அடுப்படி அலமாரியும் ஃபிரிட்ஜ் தலையும் வேண்டவே வேண்டாம். பாட்டிலிலிருந்து எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதுங்கள். என்னிடம் ஒரு பெரியவர் வருவார், வருடம் முழுக்க டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே இருந்தது, நானும் அளவை ஏற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பாட்டிலை வாங்கித் தேதியைப் பார்த்தேன். நூறு மாத்திரை பாட்டில், திறந்து 110 நாள் ஆகியிருந்தது, உள்ளே நாற்பதுக்கு மேல் இருந்தன. "மறந்துடறேன் டாக்டர், திட்டுவீங்கன்னு சொல்லலை" என்றார். அவருக்கு நான் ஏற்றிய அளவெல்லாம் வீண். மறந்தால் அன்றைக்கே நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் இதய நோய் இல்லாத உங்கள் வயதுக்காரர் அன்று இரண்டாகப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. மெதுவான மருந்து என்று சொன்னேன் அல்லவா.

இந்தச் சலுகை உங்கள் மாமியாருக்கு இல்லை. அவருக்கு உங்கள் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 71 வயதில் மருந்து கொஞ்சம் அதிகமானாலும் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும், எலும்பு தேயும். அந்த வயதில் டி.எஸ்.எச். 5ஐ ஒட்டி இருந்தால்கூடப் பல சமயம் நாங்கள் கை வைக்காமல் விட்டுவிடுவோம். அவருடைய பாட்டில் தனி, அவருடைய சீட்டு தனி. உங்கள் 100 பாட்டிலில் மீதி இருப்பதை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், டாக்டர் முடிவு சொன்னதும் கடையில் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். திறந்த பாட்டிலை வாங்க மாட்டார்கள், கேட்பதில் தப்பில்லை.